7 என்று எழுதிய பெட்டிக்குள் 9: புறக்கோட்டையில் ஃபிளை லைன் வாங்கிய கதை

கடையின் பெயரை எழுதப் போவதில்லை, கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம். புறக்கோட்டையில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைகளில் ஒன்று, அவ்வளவுதான். வெளிநாட்டு ஆற்றில் ஃபிளை (இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்த இலேசான தூண்டில்) போடப் போகிறவர்கள் இங்கேயே மலிவாக லைன் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

சுவான்சியில் இருக்கிற மச்சான் பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வேல்ஸில் டெய்வி ஆற்றில் கோடை இரவுகளில் சீ ட்ரவுட் பிடிப்பது அவனுக்குப் பைத்தியம். நம் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கும் ரெயின்போ ட்ரவுட் வேறு. இது பிரவுன் ட்ரவுட்டின் இனமேதான், ஆனால் கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற மீன். அங்கே செவின் என்கிறார்கள். பகல் முழுக்க மடுவில் ஒளிந்து கிடக்கும். கரையில் ஆள் நிழல் விழுந்தாலே போதும், பதறிவிடும். இருட்டினால்தான் அசையும்.

லைன் இரண்டு வேண்டும் என்றான். இருட்டின கையோடு மீன் மேல்தண்ணீரில் திரியும்போது போட மிதக்கிற லைன், டபிள்யூஎஃப்-7-எஃப். நடுச்சாமத்துக்குப் பிறகு குளிர் இறங்கி மீன் கீழே போனதும் போட, மெல்லத் தாழ்கிற இன்டர்மீடியட், டபிள்யூஎஃப்-7-ஐ. டபிள்யூஎஃப் என்றால் முன்பக்கம் பாரமான லைன், கடைசி எழுத்து மிதக்குமா தாழுமா என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள எண் லைனின் பாரம். இலேசான ஃபிளையை அந்தப் பாரம்தான் தூக்கிக்கொண்டு போகும், அதனால் அது றொட்டின், அதாவது தூண்டில் தடியின், எண்ணோடு பொருந்த வேண்டும். "அங்கே ஒரு லைன் 50 பவுண் என்கிறாய், நான் கொழும்பில் பார்க்கிறேன்" என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

ஏப்ரல் முதல் வாரம், புத்தாண்டு நெரிசல். கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். பெயர் பெற்ற பிராண்ட், பெட்டியில் 7, "கோல்ட் வாட்டர்", அதாவது குளிர்த்தண்ணீருக்கு, என்று ஸ்டிக்கர். "சேர், இது ஒரிஜினல். லண்டனுக்குப் போறவங்க எல்லாம் நம்மகிட்டதான் எடுக்கிறாங்க." இரண்டும் சேர்த்து 19,000 ரூபாய். பில்லில் "ஃபிஷிங் லைன் 2" என்று மட்டும் கிறுக்கினார். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை நடுவில் ஆற்றங்கரையில் நிற்கிறேன். லைசென்ஸ், பெர்மிட் எல்லாம் மச்சான் எடுத்து வைத்திருந்தான். ஒன்பதரைக்குத்தான் சூரியன் சாய்கிறது. அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. "மரத்தின்ர பச்சை கறுப்பாகும் மட்டும் பொறு, வெள்ளனப் போட்டாய் எண்டால் மடுவே கெட்டுப் போம்." பதினொரு மணியளவில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம், அதற்குப் பின்னால் இன்னொன்று. வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

முதல் வீச்சிலேயே விளங்கிவிட்டது, ஏதோ சரியில்லை. இருட்டில் லைனைக் கண்ணால் பார்க்க முடியாது, கைதான் பார்க்கும். றொட் அடிவரை வளைந்துபோய் நிமிரவே மாட்டேன் என்கிறது. றீலிலிருந்து உருவிய லைன் காலடியில் ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. விட்டால் சுருள் சுருளாக எழும்பி றொட்டின் முதல் வளையத்தில் சிக்குகிறது. இழுத்து நீட்டினால் ஒரு நிமிடம் நேராக இருக்கும், திரும்பவும் சுருளும். மூன்றாவது வீச்சில் லைன் முழுக்க ஒரே கட்டியாகத் தண்ணீரில் விழுந்தது. சளார். அவ்வளவுதான், துள்ளல் நின்றுவிட்டது. மச்சான் ஒன்றும் பேசாமல் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினான். அந்த மௌனம் திட்டு வாங்கியதைவிட மோசம்.

ஒரு மணிக்கு மேல் இரண்டாவது பெட்டியைப் பிரித்தோம். மெல்லத் தாழ வேண்டிய லைன் ஈயக்குண்டு மாதிரி இறங்கி, மூன்று ஃபிளையைக் கல்லுக்குத் தின்னக் கொடுத்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

மறுநாள் பகலில் மச்சான் மிதக்கிற லைனை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அது வெப்பநாட்டுக் கடலுக்குச் செய்த லைன். நம் வெயிலில் இளகித் தொய்ந்து வளையங்களில் ஒட்டாமல் இருக்க, அந்த வகைக்கு மேற்பூச்சையும் உள்நூலையும் விறைப்பாகவே செய்கிறார்கள். குளிரில் அந்த விறைப்பு இன்னும் கூடி, றீலில் சுற்றியிருந்த வட்டம் அப்படியே நின்றுவிடும். குளிர்த்தண்ணீர் லைனுக்கு உள்நூல் மெதுவான பின்னல், பூச்சும் மிருது. அதை இங்கே கொண்டுவந்தால் வெயிலில் பிசுபிசுக்கும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், குளிரில்தான் உண்மை தெரியும்.

ஏன் அவ்வளவு பாரம் என்பது கொழும்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. லைனின் எண் என்பது அதன் முதல் 30 அடியின் எடை. முனையில் ஒரே தடிப்பாக இருக்கும் சிறு துண்டை விட்டுவிட்டுக் கணக்கெடுக்க வேண்டும். 7 என்றால் 185 கிரெயின், அதாவது 12 கிராம். செட்டியார் தெருவில் எங்களுக்குப் பழக்கமான நகைக்கடை ஒன்று இருக்கிறது. 30 அடியை அளந்து சுருட்டித் தராசில் வைத்து, மீதியைத் தட்டின் உயரத்துக்கு ஒரு நகைப் பெட்டி மேல் தூக்கி வைத்தோம். தொங்கவிட்டால் எடை பிழைக்கும். தராசு காட்டியது 15.6 கிராம். "ஒன்றரைப் பவுன் வரவேணும் எண்டியள், ரெண்டு பவுனுக்குக் கிட்ட நிக்குது. நகையெண்டால் உங்களுக்கு லாபம் தம்பி" என்றார் கடை அண்ணை. 240 கிரெயின். சுத்தமான 9ஆம் நம்பர்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இப்போது பல கம்பனிகள் வீச்சு எளிதாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அரை நம்பர், ஒரு நம்பர் பாரம் கூட்டிச் செய்கின்றன. 7 என்ற லைன் 13 கிராம் காட்டினால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். 15.6 அப்படியல்ல. வீட்டில் கேத்தில் ஆவியில் ஸ்டிக்கரைக் காட்டினேன். அது சுருண்டு எழும்ப, அடியில் அச்சில் 9 என்று இருந்தது, பக்கத்தில் "டிராப்பிக்கல்".

அதனால் இங்கே வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பில்லில் எண்ணும் எழுத்தும் முழுதாக எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் நிறுத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில், ஃபிரீசரில் அல்ல கீழ்த்தட்டில், ஓர் இரவு வைத்து எடுத்து இழுத்துப் பாருங்கள். சுருள் போகாவிட்டால் அது உங்கள் ஆற்றுக்கு உதவாது. வெளிநாடு போகும் மட்டும் பெட்டியைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். நான் அப்படித்தான் வைத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதென்றால் வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977க்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஏப்ரலில் வாங்கி ஜூலை நடுவில் தண்ணீரில் போட்டவனுக்கு அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. லைனையும் உரித்த ஸ்டிக்கரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளிக்கு என்னை ஞாபகமே இல்லை. பில்லைக் காட்டினேன், "இதுல நம்பர் ஒண்ணும் இல்லையே சேர்" என்றார். ஸ்டிக்கரைக் காட்டினேன், "அது இம்போர்ட் பண்றவங்க ஒட்டினது." காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "தண்ணில போட்டுட்டீங்களே!"

கொஞ்ச நேரம் லைனை விரலில் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிப் பெடியனைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த 9 நம்பர் றொட்டை எடு. சேர், இந்த லைனுக்கு அதுதான் சரியா வரும். உங்களுக்கெண்டா விலை குறைச்சுத் தாறேன்."