மழைக்கு எந்த 911: கரேரா எஸ்ஸா, 4எஸ்ஸா?

போர்ஷே 911 வாங்குமளவுக்குக் கையில் காசு இருப்பவருக்கும் ஒரு குழப்பம் மிச்சம் இருக்கும். பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும் கரேரா எஸ் போதுமா, நான்கு சக்கரமும் வேலை செய்யும் 4எஸ் வேண்டுமா? ஷோரூமில் கேட்டால் “மழைக்கு 4எஸ்தான் சார்” என்று பதில் வரும். பாதிதான் உண்மை.

2018 கடைசியில் வெளிவந்த 992 தலைமுறையின் முதல் கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே 3 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜின், 450 குதிரைத்திறன், 530 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எஸ்ஸுக்கு 3.7 விநாடி, 4எஸ்ஸுக்கு 3.6. எடை 1,515 கிலோவுக்கு 1,565. காகிதத்தில் வித்தியாசம் அவ்வளவுதான்.

பின்சக்கரக் கார் என்றதும் மழையில் வால் ஆடும் என்று பயப்படுவோம். ஃபோர்டு மஸ்டாங் ஜிடி போல முன்னால் கனத்த வி8 இன்ஜினும் பின்னால் லேசான உடம்பும் உள்ள காரில் அந்தப் பயம் நியாயம்தான். 911 அப்படியில்லை. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் தள்ளுகிற சக்கரங்களின் மேலேயே இருப்பதால், ஈரத் தார்ச்சாலையில் கிளம்பும்போது எஸ் அவ்வளவு லேசில் வழுக்காது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டோம், பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்கிறோம். எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைகிறது, அந்தக் கனத்த பின்பக்கம் ஊசல்குண்டு மாதிரி வெளியே வீசுகிறது. 1975இல் வந்த முதல் 911 டர்போவுக்கு ‘விதவையாக்கி’ என்று பட்டப்பெயர் விழுந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, தூங்கி எழுந்ததுபோலத் தாமதமாகச் சீறும் அதன் டர்போ. அதன் திறன் வெறும் 260. 992இன் சாதாரண எஸ்ஸில் 450 இருந்தும் ஓட்ட முடிகிறதென்றால், டயரும் சறுக்கல் கட்டுப்பாட்டு மின்னணுவும் அத்தனை தூரம் வந்துவிட்டன என்று அர்த்தம்.

911இன் நான்கு சக்கர இழுவைக் கதை போர்ஷே 959 என்ற காரில் தொடங்குகிறது. 1980களின் அந்த அதிசயக் காரிலும் திறன் இதே 450தான்! சாலையின் நிலைக்கேற்ப உலர்ந்தது, ஈரம், பனி என்று தேர்ந்தெடுக்கும் வசதி அன்றே அதில் இருந்தது. அடுத்து 1989இல் கரேரா 4, விசையை முன்னுக்கு 31, பின்னுக்கு 69 என்று நிரந்தரமாகப் பிரித்துக் கொடுத்தது. இப்போதைய 4எஸ் தேவையைப் பார்த்து முன்சக்கரங்களுக்கு அனுப்புகிறது.

இது எங்கே உதவும்? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். (911இன் முன்மூக்கு அடிபடாமல் ஏறுமா என்பது தனிக் கவலை.) ஒவ்வொரு வளைவிலும் கிட்டத்தட்ட நின்று, திரும்பி, மறுபடி மேலே இழுக்க வேண்டும். அங்கே 4எஸ் ராஜா. அதே மலையில் இறங்குங்கள், கதை மாறிவிடும். பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். இறங்கும்போது 4எஸ் கூடுதலாகக் கொண்டுவருவது 50 கிலோ எடையை மட்டும்.

சமவெளிக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது. ஐரோப்பாவில் பலர் 4எஸ் வாங்குவது பனிக்காக. நமக்கு வடகிழக்குப் பருவமழையில் பனி இல்லை, ரப்பர் விறைத்துப்போகும் குளிரும் இல்லை. இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் தேங்கி நிற்கும் தண்ணீர். முன் டயரின் அகலம் 245 மி.மீ. சாலையில் 3 மி.மீ. தண்ணீர், வேகம் 80 கி.மீ. என்றால், ஒரு டயர் விநாடிக்கு 16 லிட்டரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஏறக்குறைய ஒரு குடம்! பின் டயர் 305 மி.மீ. முன் டயர் துடைத்துவிட்டுப் போன தடத்துக்கும் வெளியே அது கால் நீட்டுகிறது. தள்ள முடியாத தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்தால் கார் மிதக்கும். மிதக்கும் காரில் எத்தனை சக்கரம் இழுத்தால் என்ன?

ஆக உண்மையான போட்டி எஸ்ஸுக்கும் 4எஸ்ஸுக்கும் இடையில் இல்லை. நல்ல பட்டன் உள்ள டயருக்கும் தேய்ந்த டயருக்கும் இடையில்தான். சட்டம் 1.6 மி.மீ. பட்டன் ஆழம் வரை விடும். மழைக்காலத்தில் நான் 3 மி.மீ.க்குக் கீழே போனதை நம்ப மாட்டேன். 1.8 மி.மீ. டயரோடு வரும் 4எஸ்ஸைவிடப் புது டயர் போட்ட எஸ் எவ்வளவோ மேல். பந்தயத்தடத்துக்காகவே பிறந்த 911 ஜிடி3இன் கப் 2 டயர்களுக்கும் இதே பலவீனம் உண்டு. காய்ந்த சாலையில் பசைபோல ஒட்டும், தேங்கிய தண்ணீரைக் கண்டால் கைவிரிக்கும்.

காற்றைக் குறைத்தால் மழையில் பிடிப்பு கூடும் என்பார்கள், நம்பாதீர்கள். விமானச் சக்கரங்களை வைத்து 1960களில் நாசா ஆய்வாளர்கள் தந்த கணக்கு ஒன்று உண்டு: பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் சக்கரம் மிதக்கத் தொடங்கும் வேகம் ‘நாட்’ அலகில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.) கிடைக்கும். 33 பிஎஸ்ஐக்கு அது சுமார் 96 கி.மீ., 25க்கு 83 கி.மீ. அகலமான கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் போக்கு புரியும்.

992இல் ஈரப் பயன்முறை இரண்டு கார்களுக்கும் பொது. முன்சக்கரக் கூட்டுக்குள் இருக்கும் ஒலி உணரிகள் தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டு எச்சரிக்கின்றன. பயன்முறையை மாற்றுவது நம் கையில். மாற்றினால் ஆக்சிலரேட்டர் சாதுவாகும், 90 கி.மீ.க்கு மேல் பின் இறக்கை உயர்ந்து காரை அழுத்தும், 4எஸ்ஸில் முன்சக்கரங்களுக்குக் கூடுதல் விசை போகும். ஆனால் அதுவும் வேகத்தைக் குறைத்துத் தராது. ஈரத்தில் பிடிப்பு உலர்ந்த சாலையின் 0.6 பங்கு என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் பிரேக் தூரம் 39 மீட்டரிலிருந்து 65ஆக நீள்கிறது. 80க்கு இறங்கினால் 42 மீட்டரில் நிற்கலாம்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு மழையிலும் ஏறுகிறவர் 4எஸ் வாங்கட்டும். சென்னையிலிருந்து புதுச்சேரி வரை ஓட்டுகிறவருக்கு எஸ்ஸே போதும். மிச்சப்படும் பணத்தில் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னும் நான்கு புது டயர் மாட்டலாம், பல வருஷத்துக்கு.