கிராஃப்ட் வச்சவங்களுக்கு ரத்தம் போனா: ஸ்டென்ட்டா, தொறந்து ஆபரேஷனா?

பெருநாடி வீங்கி வயித்துல டாக்ரான் கிராஃப்ட் (செயற்கைத் துணிக் குழாய்) வச்சவங்களுக்கு வருஷங்கள் கழிச்சு மலம் தார் மாதிரி கறுப்பா பிசுபிசுன்னு போனா, எல்லாரும் சொல்றது "ஆஸ்பிரின் சாப்பிடறீங்கல்ல, அல்சரா இருக்கும்". பெரும்பாலும் அதுதான். ஆனா கிராஃப்ட் தையலுக்கு மேலயே டியோடினம் (சிறுகுடலோட ஆரம்பப் பகுதி) படிஞ்சு கிடக்கு, நாடி துடிச்சுத் துடிச்சு உரசி, கிருமியும் சேர்ந்து ஓட்டை விழுந்துச்சுன்னா ரத்தம் நேரா குடலுக்குள்ள. முதல்ல கொஞ்சம் வந்து தானா நின்னுடும், அதை நம்பிடக்கூடாது, அடுத்த தடவை கொட்டினா ஆளையே கொண்டு போயிடும். பினாங்குல எங்க சித்தப்பா ஆபரேஷன் லெட்டர் காப்பியை மடிச்சு ஐசி (அடையாள அட்டை) கூடவே வச்சிருப்பாரு, ஜிஎச் எமர்ஜென்சில முதல்ல அதைத்தான் நீட்டணும்னு சித்தியோட ஆர்டர்.

கண்டுபிடிக்க ஸ்கோப்பா (வாய் வழியா விடற கேமரா குழாய்), சிடியா? ரத்த அழுத்தம் விழாம நிக்குதுன்னா சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) முதல்ல. சாதாரண ஸ்கோப் டியோடினத்தோட ரெண்டாவது பகுதி வரைக்கும்தான் பார்க்கும், ஓட்டை விழறது அதிகமா மூணாவது, நாலாவதுல. சிடில ஒண்ணும் தெரியலன்னாலும் முழுசா நிம்மதி ஆக முடியாது.

இப்ப வைத்தியம். ஸ்டென்ட்ன்னா துணி போர்த்தின கம்பிக் குழாயை தொடை நாடி வழியா உள்ள விட்டு ஓட்டையை உள்பக்கமா மூடறது, 1990ல பரோடிங்கற சர்ஜன் பியூனஸ் அயர்ஸ்ல வீக்கத்துக்குன்னு ஆரம்பிச்ச அதே வழிதான். வயித்தைக் கிழிக்க வேணாம், ரத்தம் சீக்கிரம் நிக்கும், குடும்பத்துக்கும் அதுதான் பிடிக்கும். ஆனா கிருமி பிடிச்ச பழைய கிராஃப்ட் உள்ளயேதான் இருக்கு, குடல் ஓட்டையும் அப்படியே, ஆன்டிபயாடிக்கை நிறுத்த முடியாது, காய்ச்சலோ ரத்தமோ திரும்ப வரலாம்.

தொறந்து பண்றது பெரிய ஆபரேஷன், உயிருக்கே ரிஸ்க். கிராஃப்ட்டை எடுத்து குடலைத் தைச்சுட்டு, அக்குள்லேருந்து தொடைக்கு தோலுக்கடியில குழாய் போடலாம், ஆனா உள்ள கட்டி விட்ட பெருநாடி முனை பின்னாடி வெடிக்கற பயம் இருக்கு. இல்லன்னா அதே இடத்துல தொடை வெய்னையே (சிரை) எடுத்து வைக்கலாம், கிருமி லேசுல பிடிக்காது, நேரம்தான் இழுக்கும். அவசரம்னா ரிஃபாம்பிசின்ங்கற ஆன்டிபயாடிக்ல ஊறவச்ச டாக்ரான்.

என்னைக் கேட்டா, ரத்தம் போய் அழுத்தம் விழுந்து ஷாக்ல வர்றவருக்கு முதல்ல ஸ்டென்ட், அதுல சண்டையே இல்ல. உடம்பு தாங்கும்னா அப்புறம் தொறந்து எடுத்துடணும். தாங்காத வயசானவருக்கு ஸ்டென்ட்டோட நிறுத்தறதும் நியாயம்தான், ஆனா அதை "சரியாயிடுச்சு"ன்னு வீட்ல சொல்லி அனுப்பக் கூடாது.