மிருதங்கத் தொப்பியின் கார்வை கேட்கிறதா? சென்ஹைசர் ஹெச்டி 600 ஹெட்போனுடன் ஆறு மாதம்

1997-இல் வந்த மாடல் இது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டில் ஆறு மாதமாக இதில்தான் கச்சேரி கேட்கிறேன்.

வாங்கிய புதிதில் "தெளிவாக இருக்கிறது" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதோடு ஒப்பிட்டுத் தெளிவு? அதற்காகவே பெருவெம்பில் மிருதங்கம் செய்யும் பெரியவர் ஒருவரின் திண்ணையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய் உட்கார்ந்தேன். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பார். பிசைந்த ரவையை இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பிவிட்டு ஒரு தட்டு. நான்கடி தள்ளி இருந்த எனக்கு அந்தத் 'தொம்' நெஞ்சுக்கூட்டில் உறைத்தது. "அடி விழுந்ததும் காதை எடுத்துவிடாதீர்கள், தம்பி. ஓயும்வரை இருங்கள்" என்றார். அடிக்குப் பின் நீளும் அந்த ஒலிதான் கார்வை.

அதன் பிறகுதான் இந்த ஹெட்போனைச் சரியாகக் கேட்டேன். வலந்தலையில் முழு நிறைவு. அதன் நடுவில் உள்ள கருப்புப் பூச்சான கரணை இருப்பதால்தான் மிருதங்கத்தின் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு இசைந்து நிற்கின்றன என்று சி.வி. ராமன் 1920-இலேயே எழுதினார். அந்தச் சுருதி தம்புராவோடு சேர்கிறதா, ஒரு நூல் விலகுகிறதா என்று இதில் பிரித்துச் சொல்ல முடிகிறது. இடக்கை அழுத்தத்தில் வழுக்கி எழும் குமுக்கி என்ற ஒலியும் அப்படியே வருகிறது. தொப்பியின் ஆழம் மட்டும் திண்ணையில் கேட்டதில் பாதிதான். காதுக்கிண்ணத்தின் பின்புறம் மூடாத திறந்த வகை ஹெட்போன்களின் இயல்பு அது.

நான் பல வருடங்களாக நேசித்த ஒரு சபா ஒலிப்பதிவில் தொப்பிக்குக் கார்வையே இல்லை. ஒவ்வொரு அடியும் பாதியில் அறுந்து விழுகிறது. வயலின் மூக்கால் பாடுகிறது. மனம் வலித்தது. ஆனால் இரைச்சல் மண்டிய பழைய வானொலிப் பதிவு ஒன்றில் ஆழம் குறைந்தாலும் அந்தத் திண்ணையின் தொம் ஓயும்வரை அறுபடாமல் இருந்தது! மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது அன்றிரவு எனக்கு விளங்கியது.

வாங்குகிறவர்களுக்கு: இதன் மின்தடை 300 ஓம். போனில் நேராகச் செருகாமல் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வெளியேயும் கசியும், பஸ்ஸுக்கு ஆகாது. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சற்று உரக்க ஒலிப்பதையே காது நல்லது என்று நம்பிவிடும்.

வரும் ஞாயிறு ஹெட்போனையும் ஆம்ப்ளிஃபயரையும் பெருவெம்புக்கு எடுத்துப் போகிறேன். பெரியவர் காதில் மாட்டிவிட்டு அந்த வானொலிப் பதிவைப் போட வேண்டும்.