ஒரே பெயர், வேறு வேறு வாட்: விளையாட்டுக்கு எந்தக் கணினி?

ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் சிப் கொண்ட மடிக்கணினியில் மூன்று ஆண்டுகள் விளையாடிவிட்டு, பிறகு சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக விலை விசாரித்து வாங்கி, மேசைக்கணினி ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே இடத்தில் அமர்ந்து விளையாடும் வசதி உள்ளவர்கள் மேசைக்கணினியே வாங்க வேண்டும்.

மடிக்கணினி வாங்கியபோது நான் கவனிக்கத் தவறியது வாட் கணக்கை. 2021இல் மேசைக்கணினிக்கு வெளிவந்த 3060 அட்டையில் 3,584 கூடா கோர்களும் (படங்களைக் கணக்கிடும் சிறு அலகுகள்) 12 ஜிபி நினைவகமும் இருந்தன; அது 170 வாட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதே பெயரில் மடிக்கணினிக்கு வந்த சிப்பில் கோர்கள் 3,840, அதாவது கூடுதல். ஆனால் நினைவகம் 6 ஜிபிதான், மின்சாரமோ 60 முதல் 115 வாட்டுக்குள் தயாரிப்பாளர் நிர்ணயிக்கும் அளவுதான். வாட் குறைந்தால் வேகமும் குறையும்; ஆகவே ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு மடிக்கணினிகள்கூட ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடுத்த தலைமுறையின் உச்சியில் இந்த இடைவெளி மிகவும் பெரிது: மேசைக்கணினியின் 4090இல் 16,384 கோர்கள், 24 ஜிபி, மடிக்கணினியின் 4090இல் 9,728 கோர்கள், 16 ஜிபி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது வாங்குபவருக்குச் செய்த நியாயம் அன்று.

வெப்பத்தின் தொல்லையும் சிறிதன்று. அரை மணி நேரம் விளையாடினால் டபிள்யூ விசையின் மேல் இடது கை விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும். விசிறியின் இரைச்சலில் ஹெட்போன் இல்லாமல் எதுவும் கேட்காது. இரண்டாம் ஆண்டின் முடிவில் திரை இருண்டபோது, கிராபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சேவை மையத்தில் சொன்னார்கள். அந்தச் செலவு இன்றும் மனத்தை உறுத்துகிறது. மேசைக்கணினியில் பழுதான பாகத்தை மட்டும் கழற்றி மாற்றினால் போதும். மேம்படுத்துவதும் அப்படித்தான்: 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் செயலிகளுடன் வந்த ஏஎம்4 வகை மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிந்தது.

பேட்டரியில் விளையாடலாம் என்று நம்பி மடிக்கணினி வாங்க வேண்டாம். விமானப் பயண விதிகளை ஒட்டி, மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் 100 வாட்-மணிக்குள் அடங்கிவிடுகிறது. 150 வாட் கேட்கும் விளையாட்டு அதை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும், இல்லையென்றால் கணினியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனினும் மின்தடை வந்தால் மடிக்கணினி அணையாது. மேசைக்கணினிக்கு யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். மானிட்டர், கீபோர்டு ஆகியவற்றோடு அதன் விலையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும், அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கும் மடிக்கணினியைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் கடையில் கிராபிக்ஸ் சிப்பின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அது எத்தனை வாட்டில் இயங்குகிறது, மக்ஸ் ஸ்விட்ச் (கிராபிக்ஸ் சிப்பைத் திரையோடு நேரடியாக இணைக்கும் வசதி) உண்டா, ராம் கழற்றி மாற்றக்கூடியதா என்ற மூன்றையும் கேட்டு, விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.