எம்.எஸ்.டபிள்யூ. படிப்பு: ஐந்துக்கு மூன்றரை ஸ்டார்

மேலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். எந்த டிகிரி முடித்தவர்களும் சேரலாம், நான் பி.காம்.

வகுப்புப் பாடம் சுமார்தான். கட்டிய ஃபீஸுக்கு மதிப்பு களப்பணியில் இருக்கிறது. என்னை அரசு ராஜாஜி மருத்துவமனையில் போட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், மகனுக்கு ஆபரேஷன் என்றதும் கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார். முதலமைச்சர் காப்பீடு, ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று என்று விளக்கினேன். "ஏத்தா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று என்னையே திட்டினார்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தப் படிப்பில் எச்.ஆர். (மனிதவளம்) பிரிவு எடுத்தால் ராஜயோகம் என்பார்கள். பெரிய ஆலைகளில் தொழிலாளர் நலனைக் கவனிக்க நல அலுவலர் கட்டாயம் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் மதுரையைச் சுற்றி அப்படி எத்தனை ஆலை? என் செட்டில் எச்.ஆர். எடுத்தவர்கள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று மூட்டை கட்டிவிட்டார்கள். ஊரிலேயே இருக்க நினைத்தால் தொண்டு நிறுவனம், மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. புராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூட்டி ஓட்டுவீங்களா?"

நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். போன வருடம் முடித்த இரண்டு பேரைப் பிடித்து, முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.