மலைத்தீவில் நிலச்சரிவு வரைபடம் போட கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு சரிவருமா?

மலைத்தீவு ஒன்றில் எங்கெங்கே நிலம் சரியலாம் என்று வரைபடம் போட உட்கார்ந்தால், உயரத் தரவுக்கு எங்கே போவது என்பதுதான் முதல் தலைவலி. லைடார் (விமானத்திலிருந்து லேசர் அடித்து உயரம் அளப்பது) இருந்தால் பேச்சே இல்லை, ஆனால் பல தீவுகளுக்கு அது கிடையாது. இலவசமாகக் கிடைப்பதில் என் ஓட்டு கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30க்குத்தான்; 30 மீட்டர் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும் ஐரோப்பியத் தரவு இது.

பெரிய காரணம் மேகம். வெப்பமண்டலத் தீவுகளில் மலையுச்சி பெரும்பாலும் மூடியே கிடக்கும், கேமரா செயற்கைக்கோள்கள் அங்கே திணறும். இது டான்டெம்-எக்ஸ் என்ற செயற்கைக்கோள் ரேடாரில் எடுத்தது, அந்தத் தொல்லை இல்லை. 2011 முதல் 2015 வரை எடுத்த பழைய தரவாச்சே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்ததே. 2017இல் மரியா புயல் கரீபியனில் உள்ள டொமினிக்காவில், வெறும் 750 சதுர கிலோமீட்டர் தீவில், கிட்டத்தட்ட 10,000 நிலச்சரிவுகளைக் கிளப்பிவிட்டது. சரிவதற்கு முன் மலை எப்படி இருந்தது என்பதைத்தானே சரிவைக் கணிக்கும் கணினி மாடலுக்குக் காட்ட வேண்டும், சரிந்து முடிந்த பள்ளத்தை அல்லவே.

குறைக்கு வருவோம். இது தரையின் உயரம் இல்லை, மரங்களின் தலை உயரம். 20 மீட்டர் உயரக் காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் இல்லாத மேடு ஒன்று முளைத்து நிற்கும். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் இதற்கு நேர் எதிர்: சாய்வைக் கணக்கிடும் வழக்கமான முறை 3×3 பிக்சலைப் பார்க்கிறது, அதாவது 60 மீட்டர் இடைவெளியில் உயர வித்தியாசத்தை எடுக்கிறது, அதனால் 10 மீட்டருக்கு நெட்டுக்குத்தாக வெட்டிய மண்சுவர் 10 டிகிரிகூட இல்லாத சாய்வாக மழுங்கிப்போகும். மழையில் முதலில் விழுவதோ பல இடங்களில் அந்தச் சுவர்தான். 10 மீட்டர் பிக்சலாக மாற்றினால் தீருமா என்றால், கோப்புதான் பெரிதாகும். ஆக, தீவு முழுக்க எந்த மலைப்பக்கத்தை முதலில் கவனிப்பது என்பதற்கு இது தாராளம். ஒரு வீட்டுமனை பாதுகாப்பானதா என்று இதை வைத்துச் சொல்லாதீர்கள்.

அப்புறம், ரொம்பச் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ரேடாருக்கும் கண் தெரியாது. அந்த ஓட்டைகளை வேறு தரவு கொண்டு அடைத்திருக்கிறார்கள். எங்கே என்று காட்டும் கோப்பும் உண்டு, அதைப் பாருங்கள். தரவில் இடம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருக்கும்; இடத்தையும் மீட்டரில் சொல்லும் யூடிஎம் வரைபட முறைக்கு மாற்றாமல் சாய்வு கணக்கிட்டால் தீவே 89 டிகிரியில் நிற்கும். கடல் பிக்சல்களையும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் மாடல் கடலைப் பார்த்து ‘இங்கே சரியாது’ என்று சொல்லியே ஏயூசி மதிப்பெண்ணை (சரியும் இடத்தையும் சரியாத இடத்தையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற அளவை) ஏற்றிக்கொள்ளும்.