குக்கர்பிட்[7]யூரில் தூள்: தரம் நன்று, தராசு எண்ணை நம்ப வேண்டாம்

ரொட்டாக்சேன் (அச்சு போன்ற மூலக்கூறில் கோத்த வளைய மூலக்கூறு), மூலக்கூறு ஷட்டில் (அந்த வளையம் அச்சில் இரண்டு இடங்களுக்கிடையே ஓடும் அமைப்பு) போன்றவற்றை நீரில் கட்ட நினைப்பவர்களுக்கு இன்று கிடைக்கும் சிறந்த வளையங்களில் ஒன்று குக்கர்பிட்[7]யூரில், சுருக்கமாக சிபி7. நீரில் 20–30 மில்லிமோலார் வரை கரையும். அடமன்டேன் அமீன் அயனியை இது பிடிக்கும் பிணைப்பு மாறிலி லிட்டர்/மோல் கணக்கில் 10¹² அளவு. சர்க்கரை அலகுகளால் ஆன வளையமான பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கு அடமன்டேன் வகைகளோடு 10⁴–10⁵ தான் கிடைக்கும். பிடிமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை புட்டியில் இருக்கிறது. லேபிளில் ‘ஹைட்ரேட்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். எவ்வளவு நீர் என்பது பெரும்பாலும் இருக்காது. நீரோடு, தயாரிப்பில் மிஞ்சிய ஹைட்ரோகுளோரிக் அமிலமும், வீழ்படிவாக்கப் பயன்பட்ட அசிட்டோனும் ஒட்டிக்கொண்டு வரலாம். அசிட்டோன் வளையத்தின் நடுக்குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வதால் வெற்றிடத்தில் உலர்த்தினாலும் எளிதில் போகாது. உலர்த்திய தூளும் வெளியே எடுத்ததும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே உலர்த்துவதில் நேரம் செலவிடாமல், கரைசலின் உண்மைச் செறிவை அளந்துவிடுவதே மேல்.

அதற்குக் கோபால்டோசீனியம் டைட்ரேஷன் போதும்: சிபி7இன் குழிக்குள் ஒன்றுக்கு ஒன்றாக நுழையும் கோபால்டோசீனியம் என்ற நேர்மின் அயனியின் கரைசலில் சிபி7ஐச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளப்பது. 20 மைக்ரோமோலார் கோபால்டோசீனியம் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் கரைசல் 3 மில்லியை 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் எடுங்கள் (சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இந்த அலைநீளத்தை விடாது). 261 நானோமீட்டரில் உட்கவர்தல் (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு) 0.7க்குச் சற்றுக் கீழே வரும். எடைப்படி 0.5 மில்லிமோலாராகக் கரைத்த சிபி7ஐ 10 மைக்ரோலிட்டராகச் சேர்க்கச் சேர்க்க அது நேர்கோட்டில் இறங்கி, சமமோல் ஆனதும் தட்டையாகும். தூள் முழுத் தூய்மையாக இருந்தால், கோடு தட்டையாகத் திரும்பும் அந்த முறிவு 120 மைக்ரோலிட்டரில் வரவேண்டும். 140இல் வந்தால் உண்மைச் செறிவு 0.43 மில்லிமோலார், அதாவது 86 சதவீதம். ஒவ்வொரு அளவீட்டையும் மொத்தக் கன அளவு ÷ 3 மில்லி என்ற விகிதத்தால் பெருக்க மறந்தால், தட்டையாக வேண்டிய கோடும் சரிந்துகொண்டே போய் முறிவு மங்கிவிடும். இதே குடும்பத்தின் சிறிய வளையங்களான சிபி5, சிபி6 குழிகளுக்குள் கோபால்டோசீனியம் நுழையாது. அதனால் அந்த அசுத்தங்கள் கணக்கில் சேர்வதில்லை. இந்த முறையின் பெரிய பலமே அதுதான். கரைசல் கலங்கலாக இருந்தால் பெரும்பாலும் கரையாத சிபி6 அல்லது பெரிய வளையமான சிபி8; 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே அளக்கவும்.

இந்த 14 சதவீதம் சின்ன விஷயமல்ல. எடையை நம்பி ஓர் அச்சுக்கு ஒரு வளையம் என்று போட்டால், நூறில் பதினான்கு அச்சுகள் வளையமின்றி நிற்கும். என்.எம்.ஆரில் (மூலக்கூறு அமைப்பைக் காட்டும் காந்த நிறமாலையில்) தெரியும் கூடுதல் உச்சிகளைப் பார்த்து வளையம் இரண்டு இடங்களில் ஓடுகிறது என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

வாங்கலாமா? நேர்மின்சுமையும், குழிக்குள் அடங்கும் உடலும் கொண்ட விருந்தினர் மூலக்கூறு (வளையத்துக்குள் நுழைவது) என்றால் தயங்காமல் வாங்கலாம். இரண்டு விருந்தினரை ஒன்றாக அடைக்க வேண்டுமானால் சிபி8தான் வழி, ஆனால் அது நீரில் மிகக் குறைவாகவே கரையும். சோடியம் உப்பு அதிகமுள்ள பஃபரில் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோடியம் அயனிகள் வளையத்தின் கார்போனைல் (கார்பன்–ஆக்சிஜன்) தொகுதிகள் சூழ்ந்த வாய்களில் போட்டிக்கு நிற்கும், கிடைக்கும் மாறிலி தூய நீரில் கிடைப்பதைவிடக் குறையும். உப்புச் செறிவைக் குறிப்பிடாத மாறிலிகளோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம்.